பத்தொன்பது மதிப்பெண் வீடு

எக்ஸ்ரே என்று அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் வைத்தவன் வேலையை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவன்தான் போனான், பெயர் போகவில்லை. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள், இப்போது சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் எக்ஸ்ரே அக்காதான். வெளியே சிடுசிடுத்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அவள் வேலை ஏழைகளை அளப்பது. இன்னும் சரியாகச் சொன்னால், ஏழைகளை அளந்து வந்தவர்கள் ஒழுங்காக அளந்தார்களா என்று மறுபடி போய் அளப்பது. கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போய் முப்பத்திரண்டு கேள்வி கேட்டு டேப்லெட்டில் தட்டுவார். டேப்லெட் கூட்டிக் கழித்து, நூற்றுக்கு இத்தனை என்று அந்த வீட்டுக்கு ஒரு மதிப்பெண் போடும். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்தால் திட்டு விழும். இங்கே குறைந்தால்தான் அட்டை. இருபத்தைந்துக்குள் வந்த வீட்டுக்கு அரிசி, எண்ணெய், ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் உண்டு. இருபத்தாறு வந்த வீட்டுக்கு ஒரு குண்டூசிகூடக் கிடையாது. ஆகவே ஊரே மதிப்பெண்ணைக் குறைக்கத் தலைகீழாக நிற்கும். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டை எக்ஸ்ரே மறுபடி போய்ப் பார்ப்பாள்.

கிராமத்துக்கு ஒரு படிவம், நகரத்துக்கு ஒரு படிவம். அங்கே நிலம், மாடு, கிணறு, மோட்டார். இங்கே கூரை, தரை, கழிப்பறை தனியா பொதுவா, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். பொய்க்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே படிவம். கிராமத்தில் மாட்டை ஓட்டி விட்டிருப்பார்கள், தொழுவத்தில் சாணி மட்டும் ஈரம் காயாமல் கிடக்கும். கேட்டால், வழியில் போன மாடு என்பார்கள். வழியில் போகிற மாடு தானாக உள்ளே வந்து, தன்னைத் தானே கட்டிக்கொண்டு, சாணியும் போட்டுவிட்டு, அவிழ்த்துக்கொண்டு போய்விடும் போலிருக்கிறது. நகரத்தில் டிவி பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். சுவரில் நீளமாக ஓர் இடம் மட்டும் அழுக்கில்லாமல் பளிச்சென்று இருக்கும். எக்ஸ்ரே அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை இன்ச்?" என்று கேட்பாள். அவர்களும் பழக்க தோஷத்தில் இன்ச்சைச் சொல்லிவிடுவார்கள்.

பதினோரு வருஷம் இப்படியே ஓடியதில் அவளுக்கு யாரையும் நம்ப வராது. வீட்டில் புருஷன் தலைவலி என்றால்கூட, எந்தப் பக்கம், எத்தனை மணியிலிருந்து என்று விசாரித்துவிட்டுத்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கையில் இருந்தது புயல் என்பவனின் பட்டியல். மற்றவர்கள் நாளைக்கு எட்டு வீடு முடித்தால் அவன் இருபது முடிப்பான், அதனால் புயல். டீக்கடையில் உட்கார்ந்தபடியே படிவத்தை நிரப்புகிறான் என்பது எக்ஸ்ரேயின் சந்தேகம். இன்றைக்கு அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று விடியும்போதே முடிவு பண்ணியிருந்தாள். பட்டியலில் முதல் வீடு, துணி கம்பெனிக்குப் பின்சந்தில் மாடியில் ஒற்றை அறை. தாயும் ஏழு வயது மகளும். தாய் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள். மதிப்பெண் பத்தொன்பது. கட்டில் இல்லை, பீரோ இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை என்று எழுதியிருந்தான் புயல்.

கதவு திறந்ததும் எக்ஸ்ரேக்கு மூக்கு வியர்த்தது.

அறைக்குள் கால் வைக்க இடமில்லை. இடது கைப்பக்கம் மெத்தை போட்ட கட்டில். அதை ஒட்டிக் கண்ணாடி வைத்த பீரோ. மூலையில் ஆள் உயர ஃப்ரிட்ஜ். ஜன்னல் ஓரம் படிப்பு மேசை, அதன் மேல் விளக்கு, விளக்குக்குக் கீழே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் வைத்து வாரிய தலையோடு ஒரு சிறுமி. படம் பிடிக்க உட்கார வைத்தது போல இருந்தது.

'இதுவா உன் பத்தொன்பது? வா மகனே, சாயங்காலம் ஆபீசுக்கு வா' என்று மனசுக்குள் புயலை வரவேற்றாள் எக்ஸ்ரே.

"கணக்கெடுப்பு ஆபீஸ்லேருந்து வர்றேம்மா. போன தடவை எடுத்ததைச் சரி பாக்கணும்," என்று அடையாள அட்டையைக் காட்டினாள்.

காஜாக்காரி அட்டையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், படிக்கட்டில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு எல்லாம் புரிந்துவிட்டது போல ஒரு சிரிப்பு சிரித்தாள். "கணக்கெடுப்பு ஆபீசா? சரி மேடம். அப்படியே வெச்சுக்குவோம். உள்ள வாங்க."

அப்படியே வெச்சுக்குவோமா? எக்ஸ்ரேக்குச் சுருக்கென்றது. பொய் சொல்கிறவர்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறாள். தன்னைப் பொய்க்காரி மாதிரி பார்க்கிற முதல் ஆள் இவள்தான். ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் காஜாக்காரி. அது அவளுடையதுதான் என்று அதன் ஒட்டுப்போட்ட காலிலிருந்தே தெரிந்தது.

"இதெல்லாம்..." என்று எக்ஸ்ரே முடிக்கவே இல்லை, "எல்லாம் எங்களோடதுதான் மேடம்," என்றாள் அவள். "ரொம்ப நாளா இருக்கு."

பதினோரு வருஷத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாலும், இது எங்களோடது இல்லை, மச்சான் வைத்துவிட்டுப் போனது என்பார்கள். இவள் கேட்காமலே ஒப்புக்கொள்கிறாளே? குற்றத்தை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவன் அதைவிடப் பெரிய குற்றத்தை ஒளிக்கிறான் என்பது எக்ஸ்ரேயின் அனுபவம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள்.

"தினம் எத்தனை வேளை சமைப்பீங்க?"

"மூணு வேளை மேடம். நடுவுல பாப்பாவுக்குப் பால், பழம்."

"முட்டை, கறி?"

"அதுவும்தான். வாரம்... வாரம் நாலு நாள்."

அடுப்புப் பக்கம் பார்த்தாள். ஒரு பாத்திரம், ஒரு கரண்டி. பழத்தின் தோல்கூட இல்லை.

"கட்டில் எப்ப வாங்கினது?"

"கல்யாணத்துக்குப் போட்டது."

கட்டில் காலில் சிவப்புப் பெயின்ட்டில் ஆறு என்று போட்டிருந்தது. கல்யாணக் கட்டிலுக்கு யாராவது நம்பர் போடுவார்களா? சந்து முனையில் ஒரு லாட்ஜ் இருப்பதை வரும்போதே பார்த்திருந்தாள். ஃப்ரிட்ஜ் பக்கம் காதைத் தீட்டினாள். அது மூச்சே விடவில்லை. அதன் வயர் சுவரில் இருந்த ஒற்றை பிளக்குக்கு இரண்டு முழம் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. எழுந்து போய் முதலில் பீரோவைத் திறந்தாள். உள்ளே வரிசையாக ஆண்பிள்ளைச் சட்டைகள், காக்கி பேன்ட், ஒரு ஷேவிங் பிரஷ்.

இதோ வந்துவிட்டது பெரிய குற்றம்! சம்பாதிக்கிற ஆணை மறைப்பது. படிவத்தில் அதற்கு மட்டும் பன்னிரண்டு மதிப்பெண்.

"இதெல்லாம் யாருது?"

காஜாக்காரியின் முகத்தில் ரத்தமே இல்லை. "அது... எங்க அண்ணனோடது."

"அண்ணன் இங்கேயா இருக்காரு?"

"இல்ல மேடம், சத்தியமா இல்ல! ஆம்பளை யாரும் இங்க வர்றதே இல்ல. அப்படியெல்லாம் எழுதிடாதீங்க."

"ஆள் இல்ல, சட்டை மட்டும் குடியிருக்குதா?"

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மேசையில் இருந்த சிறுமி நோட்டை மூடினாள். "அது ஆட்டோ மாமாவோட பீரோ ஆன்ட்டி. கட்டில் லாட்ஜ் வாட்ச்மேன் தாத்தா குடுத்தது. வியாழக்கிழமைக்குள்ள திருப்பித் தரணும், லாட்ஜ்ல ஆள் வந்துடும்." தாயின் முறைப்பைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, இவங்கதானே கோர்ட்டு ஆன்ட்டி?"

அறையில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எக்ஸ்ரே டேப்லெட்டைத் திருப்பி, புயல் எடுத்த பழைய படிவத்தைக் காட்டினாள். அலுவலக முத்திரை, அட்டை எண், எல்லாம். காஜாக்காரி அதைப் படித்துவிட்டு, கட்டிலில் உட்காரப் போனவள், அது தன்னுடையது இல்லை என்று நினைவு வந்ததுபோலத் தரையில் உட்கார்ந்தாள். "நெசமாவே அட்டை ஆபீஸா நீங்க? நான் கோர்ட்டுலேருந்துதான் வேஷம் போட்டுட்டு வந்திருக்கீங்கன்னு நினைச்சேங்க்கா," என்றாள். மேடம் அக்காவாகிவிட்டாள்.

விஷயம் இதுதான். புருஷன் லாரியில் போய்ச் செத்து இரண்டு வருஷம். மாமனார் கிராமத்தில் வசதியானவர். பேத்தியை இந்தச் சந்தில் வளர விடமாட்டேன், பிள்ளைக்குச் சோறு போட இவளுக்கு வக்கில்லை, என் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கோர்ட்டில் மனு போட்டுவிட்டார். இரண்டு வீட்டையும் பார்த்து எழுதச் சொல்லி கோர்ட் ஒரு அதிகாரியை நியமித்திருந்தது. இந்த வாரம் வருவார், என்றைக்கு என்று சொல்லமாட்டார். அதனால்தான் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குகிற அக்கம்பக்கத்தார் எல்லாம் ஆளுக்கொன்றாகத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜ் எதிர்வீட்டு நர்ஸுடையது.

எக்ஸ்ரே உடனே நம்பிவிடவில்லை. கோர்ட் காகிதத்தைக் காட்டச் சொன்னாள். அரிசி டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். டப்பாவில் அரிசி எவ்வளவு இருந்தது என்பதையும் பார்த்தாள். அளக்கிற பழக்கம் எங்கே போகும்? இரண்டு நாளுக்கு வரும்.

"கேளும்மா," என்றாள். "என் வேலைல ஒரு விதி இருக்கு. வீட்டுக்குள்ள என்ன இருக்கோ அதை எழுதணும். இப்ப இருக்கிறதை எழுதினா உனக்கு ஐம்பத்தெட்டு வரும். அட்டை போயிடும். மூணு வருஷத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. இரவல்னு எழுதினா பழைய பத்தொன்பதே நிக்கும், அட்டை இருக்கும். ஆனா பட்டியலை வார்டு ஆபீஸ் சுவத்துல ஒட்டுவாங்க. யார் வேணாலும் பாக்கலாம்."

"மாமனாரோட வக்கீலும்?"

"அவரும்தான்."

காஜாக்காரி மகளைப் பார்த்தாள். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "ஐம்பத்தெட்டே போடுங்கக்கா."

"அரிசி?"

"ரெண்டு ஷிஃப்ட் பாத்துக்குவேன்."

"பள்ளிக்கூடக் கட்டணம்? ஆஸ்பத்திரி?"

"பிள்ளையே இல்லாம எனக்கு எதுக்குக்கா பள்ளிக்கூடக் கட்டணம்?"

எக்ஸ்ரே டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கெட்ட பழக்கம், இவள் நன்றாக நடிக்கிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லிக் காலில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். கூட்டிப் போடச் சொல்லி இப்படி நிமிர்ந்து உட்கார்ந்த ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறாள். முதல் கேள்வியிலிருந்து மறுபடி கேட்டாள். கட்டில்? இருக்கு. பீரோ? இருக்கு. ஃப்ரிட்ஜ்? இருக்கு. ஒவ்வொரு 'இருக்கு'வுக்கும் டேப்லெட்டின் மூலையில் எண் ஏறிக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்கிற பிள்ளை மாதிரி கணீரென்று சொன்னாள் அவள். முப்பதாவது கேள்வியில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

இந்த முறை வந்தது நிஜமான கோர்ட் அதிகாரி. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, கக்கத்தில் கோப்பு, கழுத்தில் தொங்குகிற கண்ணாடி. உள்ளே வந்து நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறையை ஒரு சுற்று பார்த்தார். எக்ஸ்ரேக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். முகம் பார்க்கிற கண்ணாடியில் தினம் பார்ப்பதுதான்.

"நீங்க யாரு? சொந்தமா?"

"இல்ல மேடம். கணக்கெடுப்பு."

"இன்னிக்குன்னு பாத்தா?" என்றார் அதிகாரி. அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். பிறகு நேராக ஃப்ரிட்ஜிடம் போனார். காஜாக்காரி, "மேடம், அது..." என்பதற்குள் திறந்துவிட்டார். விளக்கு எரியவில்லை. உள்ளே மூன்று தட்டிலும் மடித்து வைத்த படுக்கை விரிப்பு, தலையணை உறை, நர்ஸின் வெள்ளைக் கோட்டு. அது கெட்டுப் போய் வருஷக்கணக்காகத் துணி அலமாரியாக இருந்த ஃப்ரிட்ஜ் என்பது எக்ஸ்ரேக்கே அப்போதுதான் தெரிந்தது.

"துணியெல்லாம் கெட்டுப் போகாம இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

யாரும் சிரிக்கவில்லை. கட்டில் காலில் இருந்த ஆறையும் அவர் பார்த்தார், பீரோவையும் பார்த்தார். குட்டு ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "ஏழைன்னு இருந்திருந்தா அதை மட்டும் எழுதியிருப்பேன்மா. இப்ப, அதிகாரியை ஏமாத்தப் பாக்கிறவங்கன்னும் எழுதணும். அந்தப் பக்கம் எல்லாம் தெளிவா இருக்கு. இங்க எதை நம்புறதுன்னே தெரியலை."

காஜாக்காரி அழவில்லை. மகளின் தோளைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் இறுகின. "அம்மா, வலிக்குது," என்றது குழந்தை.

எக்ஸ்ரேக்கு இங்கே இனி வேலை இல்லை. எழுந்து போயிருக்கலாம். ஆனால் 'எல்லாம் தெளிவா இருக்கு' என்ற வார்த்தை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் தெளிவாக இருக்கிற வீட்டை அவள் இதுவரை பார்த்ததே கிடையாது.

"அந்தப் பக்கம் என்ன மேடம் இருந்தது?" என்று கேட்டாள்.

"அது உங்களுக்கு எதுக்கு?"

"சும்மாதான். ஒரே தொழில்ல இருக்கோம்."

அதிகாரி முறைத்தார். ஆனாலும், காஜாக்காரிக்கும் உறைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சொன்னார். "நேத்து போய்ட்டு வந்தேன். ஆத்துக்கு அக்கரை. ரெண்டு கிணத்து வீடுன்னு கேட்டா ஊரே வழி காட்டுது. எட்டு மாடு, டிராக்டர், மோட்டார். பிள்ளைக்குன்னு தனி ரூம் ஒதுக்கி வெச்சிருக்காங்க. ஒவ்வொண்ணா பெரியவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு."

எக்ஸ்ரேயின் கை டேப்லெட்டைத் தேடியது.

ஆற்றுக்கு அக்கரை அவளுடைய வட்டாரம்தான். போன மழைக்காலத்தில் அந்த ஊரில் மறுசரிபார்ப்புக்குப் போன ஒரே ஆள் அவள். ஓலை போட்டு மூடியிருந்த இரண்டாவது கிணறு நினைவுக்கு வந்தது. தூர்ந்து போன கிணறு என்றார் பெரியவர். கிழிந்த துண்டைப் போர்த்திக்கொண்டு, இருமி இருமிப் பேசினார். தொழுவம் பெருக்கிக் கழுவியிருந்தது. கழுவிய தொழுவத்தைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? சந்தேகப்பட்டாள். ஆனால் மழை கொட்டிக்கொண்டிருந்தது, கடைசி பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. சரி என்று தட்டிவிட்டு ஓடினாள். புயலை டீக்கடை என்று திட்டுகிறோமே, நாம் செய்தது என்ன? அவளுக்கு முகம் சுட்டது. ஒரு கிழவன் பொத்தல் துண்டைப் போர்த்திக்கொண்டு எக்ஸ்ரேக்கே காது குத்திவிட்டான்.

டேப்லெட்டில் ஊரைத் தேடி, வீட்டைத் தேடி, அதிகாரியின் கோப்பு மேல் வைத்தாள். ஊர்ச் சாவடிச் சுவரில் ஏற்கெனவே ஒட்டிய பட்டியல்தான், ரகசியம் எதுவும் இல்லை.

அதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "நிலம் இல்லை. கால்நடை இல்லை. வாகனம் இல்லை. மதிப்பெண் பதினாலு. அட்டை வாங்கியிருக்காரு. புது வீடு கட்ட உதவியும் வாங்கியிருக்காரு." தலையை நிமிர்த்தினார். "இந்த வீட்டுக்கு எவ்வளவு?"

எக்ஸ்ரே காஜாக்காரியைப் பார்த்தாள். இன்னும் அனுப்பாத ஐம்பத்தெட்டை அழித்தாள். "பத்தொன்பது, மேடம். எல்லாம் இரவல்."

"அப்ப அரசாங்கக் கணக்குப்படி..."

"இந்த வீடு அஞ்சு மார்க் வசதி."

அதிகாரி எக்ஸ்ரேயை நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பதினாலு உண்மையா?" என்றார்.

உண்மையில்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் பாரம் இறங்கியிருக்கும். பதினோரு வருஷத்துப் பெயரும் சேர்ந்து இறங்கியிருக்கும். ஆனால் அதே நிமிஷம் பெரியவர் மறுபடி பணக்காரராகிவிடுவார், குழந்தை அக்கரைக்குப் போய்விடும்.

"நான்தான் நேர்ல போய்ச் சரி பாத்தேன், மேடம்," என்றாள்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அதிகாரி எண்ணைக் கோப்பில் குறித்துக்கொண்டார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "நல்லது. பெரியவர் எழுத்துல குடுக்கட்டும். நான் வசதியானவன்னு எழுதினா, அட்டையையும் வாங்கின உதவியையும் திருப்பித் தரணும், பொய் சொன்னதுக்குப் பதிலும் சொல்லணும். நான் ஏழைன்னு எழுதினா, மருமகளுக்கு வக்கில்லைன்னு சொன்ன மனு நிக்காது. ரெண்டுல எதுன்னு அவரே முடிவு பண்ணட்டும்." வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "அந்தக் கட்டிலை இன்னிக்கே குடுத்துடும்மா. பாவம், ஆறாம் நம்பர் ரூம்ல ஆள் தரையில படுத்திருக்கப் போறான்."

அவர் போன பிறகு காஜாக்காரி எக்ஸ்ரேயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எக்ஸ்ரே கையை உருவிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். அன்று மாலை அலுவலகத்தில் புயலைக் கூப்பிட்டு, பத்தொன்பது சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவன் பயந்து போனான், அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று. அக்கரை ஊருக்கு மறுபடி போக வேண்டும் என்ற குறிப்பை அவள் எழுதவில்லை. ஒரு பொய்யைத் தெரிந்தே விட்டுவைத்தது அவளுக்கு இதுவே முதல் தடவை. அந்த வாரம் முழுக்க யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கிட்டாள்.

மூன்று வாரம் கழித்து காஜாக்காரி அலுவலகத்துக்கே வந்தாள். கம்பெனி விட்ட நேரம், சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. எக்ஸ்ரே அவளை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள், யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று.

"மனுவை வாபஸ் வாங்கிட்டாங்கக்கா."

எக்ஸ்ரேக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. "அப்பாடா! இனிமே பாப்பாவை யாரும் கேக்க முடியாது. ஒரு நல்ல சேதியைச் சொல்ற மூஞ்சியா இது?"

"நல்ல சேதிதான்," என்றாள் காஜாக்காரி. சுவரோடு சாய்ந்துகொண்டாள். "ஆபீசர் மேடத்தைப் பாத்தேன். யோசிக்க ஒரு வாரம் டைம் குடுத்தாங்களாம் மாமனாருக்கு. டைமெல்லாம் வேண்டாம்னு அங்கேயே, அப்பவே கையெழுத்துப் போட்டுட்டாராம். நான் ஏழைதான்னு."

எக்ஸ்ரே அவள் சேலையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

"நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமாக்கா. இந்தப் பிள்ளை மேல அவருக்கு அவ்வளவு உசிரு, செத்துப் போன மகனை இவ மூஞ்சில பாக்கிறாரு, அதனால விடவே மாட்டாருன்னு நினைச்சுப் பயந்தேன். எனக்கு அவர் மேல கோவம் இருந்துச்சு, ஆனா அதுல ஒரு நியாயமும் இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவகிட்ட போன்ல பேசுவாரு. உனக்கு ரூம் ரெடியா இருக்கு, தாத்தா வந்து கூட்டிட்டுப் போறேன்னு. எனக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும். இப்ப மூணு ஞாயிறா போனே இல்ல. இவ போனைக் கையில வெச்சுக்கிட்டு சாப்பிடாம உக்காந்திருக்கா."

"சின்னப் பிள்ளை. மறந்துடுவா."

"நேத்து கேக்கிறாக்கா, தாத்தா என்னை வேணாம்னு சொல்லிட்டாரான்னு." காஜாக்காரி முதல் தடவையாக எக்ஸ்ரே முன்னால் அழுதாள். "பத்து கிலோ அரிசிக்காக விட்டுட்டாருடின்னு எப்படிக்கா சொல்றது அவகிட்ட?"

உள்ளே யாரோ எக்ஸ்ரே அக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"தாத்தாவுக்கு உடம்பு முடியலைன்னு சொல்லு," என்றாள். "பேச்சு வரலை, அதான் போன் பண்ணலைன்னு சொல்லு."

"நம்புவாளா?"

"நம்புற மாதிரி சொல்லு," என்றாள் எக்ஸ்ரே. "கேட்டா, நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன்னு என் பேரைச் சொல்லு."